உளவு அமைப்புகளை நாடாளுமன்றக் கண்காணிப்பில் கொண்டுவரக் கோரும் மனு

அனுப்புநர்:
காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பொதுமக்கள்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உள்துறைச் செயலாளர் அவர்கள்,
மத்திய உள்துறை அமைச்சகம், புது தில்லி.
(வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள், சிவகங்கை)

பொருள்: உளவு அமைப்புகளுக்குத் தனிச்சட்டமும் நாடாளுமன்றக் குழுவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மத்திய அமைப்புகள் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி தரும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது. அந்த ஆணை முறையானதா என்று பார்ப்பது அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான மறுஆய்வுக் குழு. கூட இருப்பவர்கள் சட்டத் துறை, தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர்கள். மூவருமே அரசு அதிகாரிகள். நீதிபதி இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. எங்கள் குறையே இதுதான்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க (வட்டித் தொழிலும் வணிகமும் செய்ய)ப் போன எங்கள் ஊர்க்காரர்களின் கடைகளில், ஏஜெண்டு எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் ஊரிலிருக்கும் முதலாளிக்கு ஐந்தொகை (வரவுசெலவு, இருப்புக் கணக்கு) அனுப்பியாக வேண்டும். அவர் எழுதிய கணக்கை அவரே சரிபார்த்துக்கொள்ள முடியாது.

1887-இல் வெள்ளையர் தொடங்கிய உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.க்கும், 1968-இல் உருவான வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வுக்கும் இன்றுவரை தனிச்சட்டம் கிடையாது. சி.பி.ஐ.க்காவது 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றால், ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்ற எதையும் கேட்க முடியாதபடி 24-ஆவது பிரிவு தடுக்கிறது.

அமெரிக்காவில் உளவு அமைப்புகள் சொந்தக் குடிமக்களையே உளவு பார்த்தது அம்பலமான பிறகு, 1976-இல் அவற்றைக் கண்காணிக்க செனட் நிரந்தரக் குழு அமைத்தது. பிரிட்டன் 1994-இல் சட்டம் போட்டே குழு அமைத்தது. இங்கே காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி இதே நோக்கில் 2011-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா காலாவதியாகிவிட்டது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் எங்கள் சிவகங்கைத் தொகுதி உறுப்பினர் ப. சிதம்பரம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதைதான்.

நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கைகளின் ரகசியம் எங்களுக்குத் தேவையில்லை. எதிர்க்கட்சியினரும் இடம்பெறும் இரு அவைக் கூட்டுக் குழு ஒன்று, மூடிய அறையிலேயே கூடட்டும். செலவையும் ஒட்டுக்கேட்பு ஆணைகளையும் அது பார்க்கட்டும். ஆண்டுதோறும் எத்தனை ஆணைகள், எத்தனை ரத்து என்ற எண்ணிக்கையை மட்டும் அவையில் வைத்தால் போதும். இதற்கான மசோதாவைத் தங்கள் அமைச்சகம் தயாரிக்க வேண்டும். 'ரா' அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வருவதால், அங்கும் இம்மனுவை அனுப்பி, எந்தப் பிரிவு கவனிக்கிறது என்று எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
இடம்: காரைக்குடி