பெயர் தெரியாத தொட்டிச் செடியைத் தூக்கி எறியும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளிவரும் வீட்டுத்தோட்டக் குறிப்புகளைத் தவறாமல் படித்து வருகிறேன். ரோஜாவுக்கு இன்ன உரம், மல்லிகைக்கு இன்ன மாதத்தில் கவாத்து என்று அவை பெயர் தெரிந்த செடிகளைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி போன்ற பகுதிகளில் வாடகைக்குக் குடியிருப்போர் கைக்கு வந்து சேரும் செடிகளில் பல, முன்பு இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது மாடிப்படி ஓரத்தில் விட்டுப் போனவை. அவற்றின் பெயர் வீட்டு உரிமையாளருக்கும் தெரியாது. கைபேசியில் படமெடுத்துத் தேடினாலோ, வாடிச் சுருண்ட இலைக்கு அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயரைச் சொல்கிறது. என்ன செடி என்றே தெரியவில்லை, இதற்கு என்ன வைத்தியம் பார்ப்பது என்று குப்பை வண்டியில் போட்டுவிடுகிறார்கள். பெயர் தெரியாமலேயே பெரும்பாலான தொட்டிச் செடிகளைத் தேற்றிவிடலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால், பட்டைக்கு அடியில் பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும். நுனி காய்ந்திருந்தால் கீழே இறங்கி இறங்கிச் சுரண்டிப் பார்த்து, பச்சை தென்படும் இடத்தில் ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடலாம். தண்டே இல்லாத வெறும் மண் தொட்டியையும் அவசரப்பட்டுக் கொட்டிவிடக் கூடாது. கலேடியம், மழை லில்லி போன்றவை இலைகளை முழுதும் இழந்த பிறகும் மண்ணுக்குள் கிழங்காக இருந்து, மழை பெய்ததும் முளைத்து வரக்கூடியவை.

அடுத்தது வேர். எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் கிடந்த ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, நர்சரியில் தந்த கறுப்புப் பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் அப்படியே தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் மண்ணைப் போட்டு, மேலே வண்ணக் கூழாங்கற்களைப் பரப்பியிருந்தது தெரியவந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் பைக்கு வெளியே ஓடி அடித்துளை வழியாகப் போய்விட, பைக்குள் இருந்த செம்மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. பையைக் கத்தரித்து நீக்கி, மண் உருண்டையை வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும் வரை மூழ்க வைத்து, வளையமாகச் சுற்றியிருந்த வேர்களை விரலால் பிரித்துவிட்டு, புதுமண்ணில் நட்ட பிறகு அது துளிர்த்தது. அதன் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. தென்னைநார்க் கழிவில் வளர்ந்த செடிகளுக்கும் இந்த ஊறவைக்கும் முறையே ஏற்றது. நன்றாகக் காய்ந்துவிட்ட நார்க்கழிவு மேலிருந்து ஊற்றும் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது.

காய்ந்து வாடிய செடியைவிட, ஈரம் மிகுந்து வாடிய செடிதான் கடினமானது. வேருக்குக் காற்றும் வேண்டும். தண்ணீர் தேங்கிய மண்ணில் அது கிடைக்காமல் வேர் அழுகுகிறது, அழுகிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாததால் இலை வாடுகிறது, வாடிய இலையைக் கண்ட நாம் இரக்கப்பட்டு இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். எனவே இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல், விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து ஊற்றுவதே சரி. வெளிறி உறுதியாக இருக்கும் வேரை விட்டுவிட்டு, பழுப்பாகிக் குழகுழவென்று நாறும் வேரை வெட்டி எறிய வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் தடித்த, சதைப்பற்றுள்ள இலை தண்ணீரைச் சேமித்து வைப்பது என்றும், மெல்லிய அகன்ற இலை விரைவில் வாடக்கூடியது என்றும் கொண்டு அளவை முடிவு செய்யலாம்.

நம் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. வடசென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதையே ஊற்றி வந்தால் மண்ணின் மேலும் மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளையாகப் படிகிறது, இலை நுனி கருகுகிறது. இந்தக் கருகலைச் சத்துக் குறைவு என்று எண்ணி உரம் போடுவோர் பலர். உரமும் உப்புதான் என்பதால் நிலைமை மோசமாகிறது. மேலே படிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, வடிதுளை அடைபடாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் உப்பு பெருமளவு கரைந்து போகும். 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று இருக்கையில், மாடியில் ஒரு டிரம் மழைநீரைச் செடிக்கென்று பிடித்து வைப்பது பெரிய காரியமல்ல. குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரானால், அதிலுள்ள குளோரின் குறைய இரவு முழுதும் திறந்த வாளியில் வைத்து ஊற்றலாம்.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கமும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி இலையில் படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது; ஈரத்துணியால் துடைத்தாலே பாதிச் செடி தெளியும். இருட்டு மாடிப்படியில் கிடந்ததை ஒரேயடியாக மொட்டைமாடி வெயிலில் வைக்காமல், நிழலிலிருந்து சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் தொட்டி மாற்றாமல் இருப்பது நல்லது. புதுத்துளிர் வரும் வரை எந்த உரமும் வேண்டாம்.

பெயர் தெரியாததில் மெய்யான ஆபத்து ஒன்றே: அது நஞ்சுச் செடியாக இருக்கலாம். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. அழகுக்கு வைக்கும் டிஃபன்பேக்கியாவின் இலையைக் குழந்தை மென்றால் வாயும் நாக்கும் வீங்கும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. என்னவென்று தெரியாத செடி எதையும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைத்து, வெட்டியபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

இது குறித்து இரண்டு வேண்டுகோள்கள். விற்கும் ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் பெயரையும், அது நஞ்சானால் அந்த எச்சரிக்கையையும், தமிழில் எழுதிய ஒரு குச்சியைச் செருகித் தருமாறு நர்சரிக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாதவரத்தில் பூங்கா வைத்திருக்கும் தோட்டக்கலைத் துறை, மாதத்தில் ஒரு நாளாவது பொதுமக்கள் தங்கள் தொட்டிச் செடியை எடுத்து வந்து அலுவலரிடம் காட்டிக் கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படி ஒரு நாள் அறிவிக்கப்பட்டால், தங்கள் சென்னைப் பதிப்பில் அதை முன்கூட்டியே வெளியிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.