அண்ணிக்கு எழுதித் தந்த மாத்திரை: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

அண்ணிக்கு பிரஷர் என்று போனில் சொன்னாய். "மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார், டென்ஷனைக் குறைக்கச் சொன்னார்" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். எனக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது. எந்த டென்ஷனைக் குறைப்பது, அதில் எதை யார் வாங்கிக்கொள்வது என்று நம் வீட்டில் யாரும் பேசவில்லை. அதைப் பேசத்தான் எழுதுகிறேன். அண்ணியிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் இங்கே போடுகிறேன். நம்மைப் போன்ற வீடுகள் நிறைய இருக்கின்றன.

அம்மாவுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் என்று தெரிந்ததிலிருந்து குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் துணி மாற்றுவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதற்காகத்தான் பகலில் ஆள் வைத்தாய். நல்ல காரியம். ஆனால் பொழுது சாய்ந்ததும் "என்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று அம்மா ஆரம்பித்தால், எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வது அண்ணிதான். "இவ என் சங்கிலியை எடுத்துட்டா" என்று அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்ன அன்றும், அழுகையை விழுங்கிக்கொண்டு ராத்திரி சோறு ஊட்டியது அவர்தான். அம்மா ஏன் இளைத்துவிட்டாள் என்று கேட்கிற சித்தப்பாவுக்கு விளக்கம் சொல்வது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு வீட்டுக் கவலை தெரியாமல் பார்த்துக்கொள்வது, நீ எரிச்சலோடு வந்தால் தணிப்பது, நான் போன் செய்தால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று என்னைத் தேற்றுவது, இவையும் அவர் பொறுப்புதான். சம்பளத்துக்கு வருகிற ஆளிடம் இதையெல்லாம் ஒப்படைக்க முடியாது.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்ட நேரம் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்தக் கணக்கில்கூட, கவலைப்படுகிற நேரத்துக்கு ஒரு கட்டம் கிடையாது.

உடம்பில் என்ன நடக்கிறது என்று பார். ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். ஆபத்து விலகியதும் எல்லாம் இறங்கிவிட வேண்டும். அம்மா நடுராத்திரியில் தாழ்ப்பாளைத் திறந்து தெருவுக்குப் போய்விடுவாளோ என்று காதைத் திறந்து வைத்துக்கொண்டே படுக்கிறவருக்கு அது எப்போது இறங்கும்? தூங்கும்போது இயல்பாகக் குறைய வேண்டிய ரத்த அழுத்தம், தூக்கம் கெட்டால் சரியாகக் குறைவதில்லை. மாதவிடாய் நிற்கப்போகிற வயது வேறு. அதற்குப் பிறகு பெண்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

அமெரிக்காவில் ஓஹையோ மாகாண ஆய்வாளர்கள் 1995-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். டிமென்ஷியா வந்த உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்கள், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோர் தோலிலும் ஒரே அளவில் சின்னக் காயம் உண்டாக்கி, ஆறும் வரை கவனித்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்குக் காயம் ஆற ஏறத்தாழ 9 நாள் கூடுதலாக ஆனது. அரிவாள்மணையில் அண்ணி விரலை வெட்டிக்கொண்டபோது, ஏன் இன்னும் ஆறவில்லை, சுகரா என்று பரிசோதித்தோமே, நினைவிருக்கிறதா? சுகர் இல்லை. அதற்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளின் தாய்மார்களை எலிசா எப்பலும், பிறகு 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலிசபெத் பிளாக்பர்னும் ஆராய்ந்தார்கள். 2004-ல் வந்த அந்த ஆய்வில், கவனிப்பு ஆண்டுகள் கூடக்கூட அந்தத் தாய்மாரின் செல்களில் குரோமோசோம் நுனிகளைக் காக்கும் டெலோமியர் குட்டையாகியிருந்தது. அது குட்டையாவது செல்லின் முதுமைக்கு ஓர் அடையாளம்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 1999-ல் வெளியான இன்னொரு ஆய்வு. நோயுற்ற கணவனையோ மனைவியையோ கவனித்த முதியவர்களில், அதைப் பாரமாக உணர்ந்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். கவனித்தும் அழுத்தத்தை உணராதவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அண்ணி அம்மாவைப் பார்த்துக்கொள்வதை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் அப்படி நினைக்கவில்லை. தனி ஆளாகச் சுமப்பதுதான் நிற்க வேண்டும்.

அதனால் சில காரியங்களை நீ எடுத்துக்கொள். வாரத்தில் மூன்று ராத்திரியாவது அம்மா அறையில் நீ படு, அண்ணி வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். அம்மாவின் ஃபைல், மாத்திரைக் கணக்கு, டாக்டர் தேதி எல்லாம் உன் கையில் இருக்கட்டும். எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று அவர் உனக்கு ஞாபகப்படுத்தும்படி வைத்தால், வேலை உன்னிடமும் கவலை அவரிடமும் இருக்கும். சித்தப்பாவின் போனை இனி நீயே எடு.

அண்ணி "கேஸ்தான், சரியாயிடும்" என்று சொல்கிற முதுகு வலியையும் மூச்சு வாங்குவதையும் அப்படியே விடாதே. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், தாடை வலி, குமட்டல், அசாத்தியக் களைப்பு என்றும் வரும். இந்த வாரமே இசிஜி எடுக்கக் கூட்டிப் போ. அன்று அம்மாவின் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டிவிடலாம் என்று நினைக்காதே. அது அவருக்கான நாள். மனசு விட்டுப் பேச, மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணையும் அவருக்குக் கொடுத்திருக்கிறேன், கட்டணம் கிடையாது.

அம்மாவை என் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். புது இடம் என்றால் அவளுக்குக் குழப்பம் கூடும். அதனால் பொங்கல் முடிந்ததும் நான் அங்கே வந்து தங்குகிறேன். அண்ணி அவர் அம்மா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வரட்டும். அவர் அங்கே இருக்கும்போது சீரகம் எந்த டப்பாவில் என்று போன் செய்யக் கூடாது, நாமே தேடிக்கொள்ளலாம். டிக்கெட் போட்டுவிட்டேன். அவர் என்றைக்குக் கிளம்ப நினைக்கிறார் என்று கேட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை