வெள்ளிக் கொலுசு விசயமாக எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்களிடம் ஒரு தங்கச்சி வாங்கிய வெள்ளிக் கொலுசு மூன்று மாதத்தில் கறுத்துப்போனதாம், திருப்பிக் கொடுத்தால் பாதி விலைதானாம், வெள்ளியில் கலப்படமாம். இந்தக் கதை மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஏறி இப்போது கொக்கட்டிச்சோலை வரைக்கும் போய்விட்டது. கறுத்தது உண்மை. பாதி விலை என்பதும் கிட்டத்தட்ட உண்மை. கலப்படம் என்பது மட்டும் பொய். அப்பா காலத்திலிருந்து உரைகல்லை நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு அந்தச் சொல்தான் சுடுகிறது.

வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது. காற்றில் இருக்கிற துளிக் கந்தகம் பட்டாலே மேலே கறுப்புப் படியும். தங்கத்துக்கு அந்தக் குணம் இல்லை. நாங்கள் விற்பது 925 வெள்ளி. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. செம்பு சேராவிட்டால் கொலுசு காலிலேயே வளைந்துவிடும். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்குகிற 22 கரட் நகையில் தங்கம் 916 பங்குதான். அப்படிப் பார்த்தால் கலப்புக் குறைந்தது கொலுசில்! இதைப் பஸ் நிலையத்தில் யாரும் சொல்லவில்லை.

பாதி விலைக்கு வருவோம். கம்பி இழுத்து, வளையம் பற்றவைத்து, மணி கோத்து மெருகு போட ஆசாரிக்கு இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாளைத் தங்கச் சங்கிலியில் போட்டால், தங்கத்தின் விலைக்குள் கூலி இருப்பதே தெரியாது. வெள்ளியில் அது ஒளிய இடமில்லை. நீங்கள் திருப்பிக் கொண்டுவரும்போது நாங்கள் நிறுப்பது வெள்ளியை. ஆசாரியின் இரண்டு நாளை எந்தத் தராசில் வைப்பது?

பவுண் விலையைக் கேட்டுவிட்டு "அப்ப வெள்ளி வாங்கி வைப்பமா?" என்று பலர் கேட்கிறீர்கள். விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறோம். தங்கம் வெள்ளியை விட 80 மடங்கு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண், அதாவது 8 கிராம் தங்கத்தின் காசுக்கு 640 கிராம் வெள்ளி வரும். 1990இல் சண்டைக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினவர்களுக்குத் தெரியும், சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனது எது, அலுமாரியில் விட்டுப்போனது எது என்று. தங்கம் வெள்ளியை விட எத்தனை மடங்கு என்ற அந்தக் கணக்கும் ஒரு நிலையில் நிற்பதில்லை. 1980 தொடக்கத்தில் 20க்குக் கீழே இறங்கியது, 2020 மார்ச்சில் 120ஐத் தாண்டியது. உலகத்தில் வாங்கப்படுகிற வெள்ளியில் பாதிக்கு மேல் சோலார் பனல், மின்சாதனம் என்று தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அங்கே தேவை கூடினாலும் குறைந்தாலும் விலையின் ஆட்டம் இங்கே தெரியும். பெரும்போகத்துக்கு விதைநெல்லும் உரமும் வாங்க வேண்டுமென்றால் வங்கிக்கு அடகு வைக்கக் கொண்டுபோவது தங்கக் காப்பைத்தானே, கொலுசை அல்லவே.

ஆகவே வெள்ளியைப் பிள்ளையின் அரைஞாணுக்கு வாங்குங்கள், கண்ணகி அம்மனுக்கு நேர்ந்த கண்மலருக்கு வாங்குங்கள், கொலுசுக்கு வாங்குங்கள். சேமிப்பு என்று நினைத்து வாங்காதீர்கள்.

இந்தக் கதையைக் கேட்ட பிறகும் படுவான்கரையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் தேடி வந்து, "நாங்க நம்பல்ல" என்று சொல்லித் தாலிக்கொடிக்கு முற்பணம் தந்துவிட்டுப் போன குடும்பங்களை நாங்கள் மறக்கமாட்டோம். வெள்ளி வேலை செய்த ஆசாரி கட்டாருக்குப் போய்விட்டதால் வரும் 1ஆம் திகதியிலிருந்து வெள்ளிக்குச் செய்கூலி சற்றுக் கூடும், பழைய வெள்ளிக்குக் காசு தராமல் பொருளாக மாற்றித் தருவோம். கறுத்த வெள்ளி எதுவானாலும், எந்தக் கடையில் வாங்கியதானாலும், கொண்டுவாருங்கள். துலக்கித் தருகிறோம், அதற்குக் காசு இல்லை.

அந்தக் கொலுசை நாங்கள் இன்னும் உருக்கவில்லை. துலக்கி மேசை இலாச்சிக்குள் வைத்திருக்கிறோம். நாங்கள் கொடுத்த காசைத் திருப்பித் தந்தால் தங்கச்சி அதை எப்போதும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் நகைக்கடைக்காரர்,
மட்டக்களப்பு