ஒட்டுமரக் கூரையில் இணைப்புக் கணக்கு

ஆசிரியருக்கு,

பேருந்து நிழற்குடை, ரயில் நிலையக் கூரை ஆகியவற்றை ஒட்டுமர (பலகைகளை அடுக்கிப் பசையால் ஒட்டிய மரம்) உத்திரங்களால் கட்டலாம் என்ற கட்டுரையைப் படித்தோம். மரத்தின் வலிமைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர்கள் இணைப்புக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை.

நார்வேயின் டிரெட்டன் பாலம் 148 மீட்டர் நீளம். ஒட்டுமரமும் எஃகும் சேர்ந்த சட்டகம். 2012-இல் திறந்தது, 2022 ஆகஸ்ட் 15 காலை ஒரு காரும் ஒரு லாரியும் மேலே போகும்போதே சரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மரத்தைப் பிளந்து எஃகுத் தகடு செருகி, குறுக்கே எஃகு முளைகள் (உருளைக் கம்பித் துண்டுகள்) அடிப்பதுதான் இத்தகைய பாலங்களின் இணைப்பு. ஒரு சாய்வுச் சட்டத்தின் முனையில் முளைகளைச் சுற்றியிருந்த மரம், மேசை இழுப்பறையை உருவுவதுபோல இழைவாக்கில் மொத்தமாகக் கிழிந்து வந்துவிட்டது. முளை ஒவ்வொன்றின் தாங்குதிறனையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகவே வரும். கூட்டமாகக் கிழிவதற்குத் தனிக் கணக்கு போடவேண்டும். 2016-இல் அதே நாட்டில் பெர்கோலோ பாலம் விழுந்ததும் இணைப்புக் கணக்குப் பிழையால்தான்.

நம் ஊரில் இதோடு மழையும் கரையானும் சேரும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். தூணின் அடிமுனை தளத்தைத் தொடக்கூடாது. எஃகுப் பாதம் வைத்து 30 செ.மீ. தூக்கி நிறுத்தவேண்டும், மழை தெறிப்பது கிட்டத்தட்ட அந்த உயரம் வரைதான். பாதத்தைக் கிண்ணம்போல வார்த்துவிட்டால் அதில் தண்ணீர் நிற்கும். மரம் பக்கவாட்டைவிட வெட்டுமுனை வழியாகத்தான் மிக வேகமாக நீர் குடிக்கும். அந்தத் தவறைப் பிறகு பெயிண்ட் அடித்துச் சரிசெய்ய முடியாது. தளத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி இருந்தால் கரையான் மண்புற்று ஏறுவதும் கண்ணில் படும்.

பசையில் யூரியா ஃபார்மால்டிஹைடு வெளிவேலைக்கு ஆகாது, ரெசார்சினால் வகை வேண்டும். பிளைவுட் கடையில் எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்கும்) ரகத்துக்கும் பி.டபிள்யூ.பி. (கொதிநீரும் தாங்கும்) ரகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றதுதான் இது. தீயில் ஒட்டுமரம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மி.மீ. கருகும். அரைமணி நேரத்துக்கு, தீ படும் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 21 மி.மீ. கூடுதல் தடிமன் கொடுத்தால் உள்மரம் தாங்கும், ஆனால் வெளியே தெரியும் தகடு சூட்டை உள்ளே கடத்திவிடும்.

கடலோரத்தில் எடையையும் பார்க்கவேண்டும். கான்கிரீட் கனமீட்டருக்கு 2,400 கிலோ, ஒட்டுமரம் 500-க்கும் கீழே. இப்படி லேசான கூரையைப் புயல்காற்று மேலே தூக்கும் என்பதால் அடித்தள போல்ட்டுகளை இழுவிசைக்கும் கணக்கிடவேண்டும்.

மத்தியப் பொதுப்பணித் துறை 1993 முதல் மரத்துக்கு விதித்திருந்த தடை 2020-இல் நீங்கியது. டெண்டர் விடுகிறவர்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் வரைபடமும் கிழிவுக் கணக்கும் கேட்டு வாங்கட்டும்.

கட்டமைப்புப் பொறியாளர்கள் சிலர்,
திருச்சி.