திஸ்கியை அடிப்படை நிறுவலிலேயே வையுங்கள்: லினக்ஸ் வழங்கலின் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நிறுவலின் அளவைக் குறைப்பதற்காக, ஒரு குறியாக்கத்தில் உள்ள எழுத்துகளை வேறொன்றுக்கு மாற்றும் குறியாக்க மாற்றிகளில் பெரும்பாலானவற்றைத் தனியே நிறுவ வேண்டிய பொதிக்கு நகர்த்தினீர்கள். காரணம் புரிகிறது. ஆனால் அதனால் சென்ற வாரம் எங்கள் ஊர் நூலகத்தில் நடந்ததை நீங்கள் அறிய வேண்டும்.

மறைந்த தமிழாசிரியர் ஒருவர் 2001 முதல் மூன்று ஆண்டுகள் வீடு வீடாகப் போய்த் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு, யுனிகோடு பரவுமுன் வழங்கிய திஸ்கி (TSCII) என்ற தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். தலைத்திவசத்துக்கு அவற்றை அச்சிட விரும்பி அவருடைய மகள் வந்தார். உங்கள் புதிய பதிப்பை நிறுவிய கணினியில் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் (iconv) கட்டளையை வைத்து எல்லாக் கோப்புகளையும் யுனிகோடுக்கு மாற்றினோம். முதல் கோப்பைத் திறந்தால் வெற்றுத் திரை. அடுத்ததும் வெறுமை. அத்தனையும் பூஜ்யம் பைட்.

"அண்ணா, அப்பா எழுதியது ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

மூலக் கோப்புகள் பத்திரமாகத்தான் இருந்தன. திஸ்கியிலிருந்து மாற்ற ஆதரவு இல்லை என்ற பிழைச் செய்தி பதிவுக் கோப்பில் கிடந்தது. அதைப் பார்க்காதது எங்கள் தவறு. ஆனால் எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்று அந்தச் செய்தியில் ஒரு சொல் இல்லை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதுவரை அந்தப் பெண் நம்பிக்கையில்லாமல் காத்திருந்தார்.

எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு நாமே மாற்றிக்கொள்ளலாமே என்று சொல்லாதீர்கள். 'ஆராரோ'வின் 'ரோ' திஸ்கியில் இரட்டைச்சுழிக் கொம்பு, ர, துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யுனிகோடில் ரகரம் முன்னால் வர வேண்டும். இந்த வரிசை மாற்றத்தையெல்லாம் அறிந்த மாற்றி, லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றுக்கும் அடிப்படையான குனூ சி நிரலகத்தில் (glibc) 2002இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. அது நூறு கிலோபைட்டைக்கூடத் தொடாது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1, விண்டோஸ் 1252 இரண்டையும் அடிப்படையிலேயே விட்டு வைத்திருக்கிறீர்கள். அவர்களுடைய பழைய கோப்புகளுக்கு உள்ள மதிப்பு எங்கள் பழைய கோப்புகளுக்கு ஏன் இல்லை? இணையத் தமிழின் தொடக்க கால எழுத்துகள் பல திஸ்கியில் கிடக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பலவும் அதில் வந்தன.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான்: திஸ்கி மாற்றியை அடிப்படை நிறுவலிலேயே வையுங்கள். அடுத்த வெளியீட்டில் அது முடியாதென்றால், எந்தப் பொதி வேண்டும் என்பதையாவது பிழைச் செய்தியில் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்கத் திஸ்கிக் கோப்புகள் தேவைப்பட்டால் அனுப்புகிறோம். ஆசிரியரின் மகள் சம்மதித்திருக்கிறார்.

பணிவுடன்,
ஊர் நூலகத்தின் கணினிப் பொறுப்பாளர்