15-ஆவது ஃபிரெட்டுக்குக் கீழே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமல்ல. முழங்கால் வலி பற்றிக் கேட்டிருந்தாய். மாடிப்படி ஏறினால் மட்டும் வலிக்கிறது, மற்றபடி நலம். பேரன் பிறந்த செய்தியை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னாள் என் மனைவி. பெயர் என்ன என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டாய்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, கிட்டாரில் தந்திகள் மேலே தூக்கிக்கொண்டுவிட்டன, தந்திகளைத் தாங்கி நிற்கும் சாடிலை இன்னும் கொஞ்சம் தேய்க்கப் போகிறேன் என்று. அதைத் தேய்க்காதே. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற அந்த வேலையைப் பல வருடம் நானும் செய்தேன். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் 12-ஆவதன்மேல் தந்தி 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சாடிலில் 2 மில்லிமீட்டர் போக வேண்டும். தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் சாடில், தன்னைத் தாங்கும் மரக்கட்டையான பிரிட்ஜுக்குள்ளேயே முங்கிவிட்டது. தந்தி அதன்மேல் மடங்கி இறங்காமல் படுத்துக்கொண்டு போக, சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று. அப்போதும் 12-ஆவது ஃபிரெட்டில் தடித்த தந்தி வேண்டியதைவிட உயரத்தில்தான் நின்றது. இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். வயதாகி விரலில் வலு குறைந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடையும் திருகிப் பார்த்தேன். அது கழுத்தின் வளைவைத்தான் திருத்தும். கழுத்து உடலோடு சேரும் கோணத்தைத் தொடவே தொடாது.

கோணம்தான் கெட்டுப்போயிருந்தது. ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, இரவும் பகலும். அந்த இழுப்பில் பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை உப்புகிறது, ஒலித்துளைப் பக்கம் அமுங்குகிறது, கழுத்தைத் தாங்கும் உள்கட்டை மெல்ல முன்னால் சாய்கிறது. நீண்ட அளவுகோலை ஃபிரெட்டுகளின்மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டினால், அதன் நுனி பிரிட்ஜின் தலையைத் தொட வேண்டும். என்னுடையதில் 3 மில்லிமீட்டர் கீழே, நெற்றியில் போய் முட்டியது. கழுத்தைக் கழற்றாமல் இனி வழியில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. கழுத்தறுப்பு வேலை என்ற சொல்லுக்கு முழுப் பொருளும் அதற்கடுத்த வாரங்களில் புரிந்தது.

என் கிட்டாரில் புறாவால் இணைப்பு. கழுத்தின் அடியில் விரிந்த வால், உள்கட்டையில் அதற்கேற்ற பள்ளம், நடுவில் பசை. முதலில் ஃபிரெட்டுகள் பதிந்த விரல் பலகையின், உடலின்மேல் ஒட்டியிருக்கும் நுனியைச் சூடாக்கி, மெல்லிய கத்தியை நுழைத்துப் பிரித்தேன். இது எளிது. பிறகு 15-ஆவது ஃபிரெட்டைப் பிடுங்கி, அந்தக் காடியிலேயே 2 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். துளை நேராக வாலின் நுனியிலுள்ள இடைவெளியில் இறங்கினால் நீராவி அங்கே பரவிப் பசையை இளக்கும். என் முதல் துளை கெட்டி மரத்தில் இறங்கிவிட்டது. அரை மணி நேரம் ஆவி விட்டதற்கு மரம் வியர்த்ததுதான் மிச்சம். சற்றுச் சாய்த்து மறுபடி துளைத்தபோது முனை சட்டென்று வெறுமைக்குள் விழுந்தது. அந்த உணர்வு கைக்கு நன்றாகத் தெரிகிறது.

பிரஷர் குக்கரில் வெயிட் இருக்கும் இடத்தில் ரப்பர்க் குழாய், குழாயின் நுனியில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி. இவ்வளவுதான் கருவி. கழுத்தின் தடித்த அடிப்பகுதியான ஹீலை அடியிலிருந்து மேலே தள்ள ஒரு திருகுச் சட்டம் செய்துகொண்டேன். பத்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு இணைப்பின் ஓரத்தில் பழுப்பாகப் பசைத் தண்ணீர் கசிந்தது, ஒரு முனகல் கேட்டது, கழுத்து மேலே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பழைய மரமும் வச்சிரப் பசையும் கலந்த வாடை அறை முழுக்க அடித்தது. ஹீலைச் சுற்றி வார்னிஷ் பால்போல் வெளுத்தபோது வயிற்றைக் கலக்கியது. இரண்டு நாளில் பெரும்பகுதி தானாக மறைந்தது, மீதியை மெருகு போட்டுத் தேய்த்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மரம் காய ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தேன்.

அடுத்தது கணக்கு. ஹீலின் ஆழம் 90 மில்லிமீட்டர். 14-ஆவது ஃபிரெட்டிலிருந்து சாடில் வரை 287. அளவுகோல் காட்டிய குறைபாடு 3. மூன்றைத் தொண்ணூறால் பெருக்கி 287-ஆல் வகுத்தால் 0.94. இத்தனை வருடம் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஹீலின் அடியில் 1 மில்லிமீட்டர்கூட இல்லாத மரம்! மேலே பூஜ்யம், அடியில் 0.94, நடுவே சரிவாகச் செதுக்க வேண்டும். உட்புறத்தை உளியால் சற்றுக் குழித்துவிட்டு, உடலைத் தொடும் ஓரங்களை மட்டும் உப்புத்தாளால் தீர்க்கலாம். கழுத்தைப் பள்ளத்தில் பொருத்தி, நடுவே தாளை வைத்து உருவினால், உடலின் வளைவே ஹீலுக்குப் படிந்துவிடும்.

இங்கேதான் அவசரப்பட்டேன். ஒரு பக்கம் நாலைந்து தடவை கூடுதலாக உருவிவிட்டேன். பொருத்திப் பார்த்தால் கோணம் அருமை, ஆனால் கழுத்து பக்கவாட்டில் திரும்பி, மெல்லிய தந்தி விரல் பலகையை விட்டுக் கீழே குதிக்கப் பார்த்தது. மறுபக்கத்தை இரண்டிரண்டு உருவலாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் நூல் கட்டிப் பார்த்து, நேராக்க இரண்டு நாள் பிடித்தது. கோணத்தைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன்.

தேய்த்த பிறகு வால் பள்ளத்தில் தளர்ந்துவிடும். இரு கன்னத்திலும் மெல்லிய மரச்சீவல் ஒட்டி இறுக்கினேன். பசையில்லாமலே தந்தி கட்டி ஒரு நாள் வைத்தேன், அசையவில்லை. அப்புறம்தான் வச்சிரம் காய்ச்சினேன். இருபது முப்பது வருடம் கழித்து இன்னொருவன் இதைக் கழற்ற நேரிடும், ஆவிக்கு இளகுகிற பசையாக இருந்தால் அவன் என்னைத் திட்டமாட்டான். கழுத்து பின்னால் சாய்ந்ததால் விரல் பலகையின் நுனிக்கு அடியில் சந்து விழுந்தது, அதற்கு ஒரு மெல்லிய ஆப்பு. உயரமான புதுச் சாடில். இப்போது அந்தத் தடித்த தந்தி இரண்டரையில் நிற்கிறது. நேற்று இரவு பத்து மணிக்கு மேலும் வாசித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் யாரும் திட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்.

உன்னுடையதில் இவ்வளவு பாடு இல்லாமலும் போகலாம். ஒலித்துளைக்குள் டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து உள்கட்டையைப் பார். போல்ட் தலை தெரிந்தால் ஆவியும் வேண்டாம், குக்கரும் வேண்டாம். விரல் பலகையின் நுனி ஒட்டியிருந்தால் அதை மட்டும் சூடாக்கிப் பிரித்து, போல்ட்டைக் கழற்றிவிடலாம். எபாக்சி போட்டு ஒட்டியிருந்தால் மட்டும் நீ கை வைக்காதே, அது ஆவிக்கு எளிதில் மசியாது, கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடு. எதுவானாலும் முதலில் அளவுகோலை வைத்துப் பார்த்து, நுனி எங்கே முட்டுகிறது என்று எனக்கு எழுது. பேரன் பெயரையும்.

என்றும் உன்,
பழைய கூட்டாளி