கப்பல் மாமாவின் கராச்சி

செம்பூர், மும்பை
14 டிசம்பர் 2025

அன்புள்ள நண்பா,

கடற்படையில் இருந்த கப்பல் மாமா நவம்பர் கடைசியில் தமது தொண்ணூறாவது வயதில் காலமானதை நான் தொலைபேசியில் சொன்னபோது, நீ சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர் கராச்சிக்குப் போனாரா இல்லையா என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்றே என்றாய். சென்ற வாரம் வந்த உன் கடிதத்திலும் அதையே கேட்டிருக்கிறாய். அதற்கான விடை இப்போது என் கையில் இருக்கிறது.

பாகிஸ்தானோடு போர் நடந்த 1971 டிசம்பர் உனக்கு நினைவிருக்கும். நமக்குப் பன்னிரண்டு வயது. டிராம்பே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் பக்கத்திலேயே இருந்ததால் செம்பூரில் எப்போது வேண்டுமானாலும் குண்டு விழும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். நாமோ ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டுவதைத் திருவிழா வேலைபோலச் செய்தோம். டிசம்பர் 4 இரவு நிப்பாட், நிர்காட், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய செய்தி வந்ததும், மாமா அவற்றில் ஒன்றில்தான் இருந்திருப்பார் என்று நான் சாதித்தேன். நீ நம்பவில்லை. பந்தயம் மாட்டுங்காவில் ஒரு தட்டு வடை. போர் முடிந்து அவர் வீடு திரும்பியதும் நேரிலேயே போய்க் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "கப்பல் போன இடமெல்லாம் நானும் போனேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் பல வருடம் காலம் தள்ளினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவருடைய சின்ன மகள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அவரது பணிப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். 1952இல் பதினேழு வயதில் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டவர், லோனாவாலாவில் உள்ள கடற்படைப் பயிற்சி நிலையமான ஐ.என்.எஸ். சிவாஜியில் பாய்லர் வேலை கற்று, 1977 வரை ஏறி இறங்கிய கப்பல்களெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. 1971 டிசம்பருக்கு நேரே இருப்பது விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல். அந்த மாதம் விக்ராந்த் வங்காள விரிகுடாவில் இருந்தது. கராச்சி இருந்த திசையே வேறு.

ஆனால் விக்ராந்தின் பாய்லர் அறையில் அந்த நாட்களில் நின்றவர் செய்தது சின்ன வேலை என்று நினைத்துவிடாதே. அதன் நான்கு பாய்லர்களில் ஒன்று விரிசல் கண்டிருந்ததால் கப்பலின் வேகம் வெகுவாகக் குறைந்திருந்தது. இந்தக் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. விமானத்தைத் தளத்திலிருந்து உந்தி எறியும் கருவி நீராவியால் இயங்குவது. விமானம் மேலெழுவதற்கு அதுவும் எதிர்காற்றும் மட்டும் போதாது. கப்பலும் காற்றை எதிர்த்து வேகமாகப் போக வேண்டும். ஒரே நீராவிதான் இரண்டுக்கும் பங்கு போக வேண்டும். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் காக்ஸ் பஜாரிலும் சிட்டகாங்கிலும் குண்டு வீசிய ஸீ ஹாக் விமானங்கள் ஒவ்வொரு முறை கிளம்பியபோதும், கடல் மட்டத்துக்குக் கீழே, வானமும் பகலும் தெரியாத சூட்டில், மூன்று பாய்லர்களின் அழுத்தமானி முள்ளைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் இவரும் ஒருவர். "நான் பார்த்த யுத்தம் ஒரு முள்தான்" என்று எனக்கு நாற்பது வயதானபோது ஒருநாள் சொன்னார். அப்போதும் எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை; பந்தயம் தோற்றுவிடும் என்ற பயமாகத்தான் இருக்க வேண்டும்.

டிசம்பர் 4ஆம் தேதியைக் கடற்படை தினமாக ஊரே கொண்டாடும். வண்ண விளக்குகள் பார்க்கப் பேரன் பேத்திகளை கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டு இவர் வீட்டிலேயே இருந்துகொள்வார். இவருடைய நாள் 9ஆம் தேதி. அன்றிரவு சாப்பிட மாட்டார். 1971இல் அந்த இரவில்தான் டையூ கடற்பகுதியில் குக்ரி என்ற போர்க்கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கி ஹாங்கோரின் தாக்குதலில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கப்பலை விட்டு வெளியேறாமல் அதனுடனேயே போன கேப்டன் மகேந்திரநாத் முல்லாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரிந்தது லோனாவாலாவில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பாய்லர் ஆளின் பெயர். அந்தப் பெயரை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். போரைவிட அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. உலகப்போர் முடிந்ததும் கட்டுமானம் பாதியில் நின்ற ஹெர்குலீஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலை வாங்கி, பெல்ஃபாஸ்ட்டில் கட்டி முடித்து, 1961 மார்ச் 4 அன்று விக்ராந்த் என்று பெயரிட்டபோது இவர் அங்கே இருந்தார். மூத்த மகன் அதே மாதம் ஊரில் பிறந்தான். நவம்பர் 3 அன்று பல்லார்ட் பியரில் கப்பலை வரவேற்க நேரு வந்தார். எட்டு மாதக் குழந்தையோடு அத்தையும் ஒரு மூலையில் நின்றிருக்கிறாள். மாமா நீட்டிய கைக்குக் குழந்தை வர மறுத்து வீறிட்டு அழுததை, நேரு வந்ததைவிட அதிகமாகச் சொல்லுவாள்.

நாற்பத்திரண்டு வயதில் வீட்டோடு வந்தவருக்கு வீட்டில் ஒரு வேலையும் இருக்கவில்லை. வாடகை, பள்ளிக்கூடம், சீட்டுப் பணம், ஊர்க் கல்யாணம் எல்லாவற்றையும் அத்தை மணியார்டரையும் கடிதத்தையும் வைத்தே பழகிவிட்டிருந்தாள். இவர் பரேலில் ஒரு மில்லின் பாய்லர் அறைக்கு வேலைக்குப் போனார். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்த மில் பிறகு திறக்கவே இல்லை. அக்கம்பக்கத்தில் பாத்திரங்கள் அடகுக்குப் போனபோது, ஓய்வூதியம் இருந்ததால் இவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த வெட்கத்தில் மாதாமாதம் அரிசி மூட்டை வாங்கிப் பிரித்துக் கொடுத்தார். சின்ன மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வேலையில்லாத அந்த இரண்டு வருடமும் காலையில் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனைக் கப்பல்காரர்களின் ரீஃப் முடிச்சாகக் கட்டிவிட்டது இவர்தானாம். எவ்வளவு ஓடினாலும் அவிழாது, இழுத்தால் உடனே வந்துவிடும் என்று சொல்லும்போதுதான் அவள் அழுதாள். அதற்குப் பின் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்து பாய்லரில் அறுபது வயது வரை இருந்தார்.

2014இல் தாருகானாவில் விக்ராந்தை உடைக்கத் தொடங்கிய செய்தி வந்ததும் என்னை அழைத்துக்கொண்டு டாக்ஸியில் கிளம்பினார். காவலாளி உள்ளே விடவில்லை. ரே ரோடு பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வந்த ஒரு தொழிலாளியிடம், பாய்லரை எடுத்தாகிவிட்டதா என்று மட்டும் இந்தியில் கேட்டார். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு அந்த இரும்பைக் கலந்து பஜாஜ் வி15 மோட்டார் சைக்கிள் வந்தபோது பேரன் ஒன்று வாங்கினான். மாமா பெட்ரோல் டாங்கைத் தட்டிப் பார்த்து, இதில் என் பாய்லர் இருக்காது, அது வேறு இரும்பு என்றார்.

இருபத்தைந்து வருட வேலைக்கு நாற்பத்தெட்டு வருட ஓய்வூதியம், அரசாங்கத்துக்கு என்னால் நஷ்டம்தான் என்று சொல்லிச் சிரிப்பார். இந்த நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்றுக்குப் போன இடத்தில் தேய்ந்துபோன விரல்ரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பேத்தி கைபேசியைப் பிடித்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லி முகத்தை வைத்தே பதிவு செய்தாள். அடுத்த நவம்பர் வரை நான் உயிரோடு இருக்கிறேன் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது என்றாராம். பத்து நாள்தான் இருந்தார்.

சென்ற 9ஆம் தேதி இரவு அவர் வீட்டில் யாரும் சமைக்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை என்று மகள் சொன்னாள்.

பணிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பந்தயம் உனக்குத்தான். பொங்கல் முடிந்து நீ வரும்போது மாட்டுங்காவுக்கே போவோம். உன் முழங்காலுக்குப் படியேற முடியாவிட்டால் கீழேயே மேசை பிடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரன்